காலியாக விடக்கூடாத கட்டம்

14

போன வாரம் அந்தக் கடிதம் வந்ததையும், அதைப் பிரித்துப் படித்த தங்கை அடுப்பை அணைக்க மறந்து நின்றதையும் பார்த்தோம். கடிதத்தில் முக்கியமாக இருந்தது ஒரே ஒரு எண்தான். நூற்று எண்பத்தெட்டு.

மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையில் அவள் கணவரின் இடம் அது. நோயாளிகளுக்கு அவரவர் எண்ணை எழுதி அனுப்புவது இந்த வருடம்தான் ஆரம்பித்திருக்கிறது. அதுவரை உறுப்பு மாற்றுப் பதிவு மையத்தில் எப்போது கேட்டாலும், "முன்னாடிதான் இருக்கீங்க, பொறுமையா இருங்க" என்பார்கள். ஆறு வருடம் பொறுமையாக இருந்த மனிதருக்கு நூற்று எண்பத்தெட்டாவது இடம்.

"உங்க ஆபீஸ் செஞ்சு கொடுத்ததுதானேக்கா அந்த சாஃப்ட்வேர்? எங்கயோ தப்பு நடந்திருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்று தங்கை கடிதத்தை அக்காவின் கைப்பையில் திணித்து அனுப்பியிருந்தாள்.

அக்கா டேட்டாபேஸ் வடிவமைப்பவள். எந்தத் தகவல் எந்த டேபிளில் உட்கார வேண்டும், எந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம், எதை விடக்கூடாது என்று முதலில் கோடு போட்டுக் கொடுப்பவள் அவள். அதன் மேல்தான் மற்றவர்கள் கட்டுவார்கள். இருபது வருடமாக இதே வேலை. ஆபீஸில் அவளுக்குக் 'கட்டம்' என்றே பெயர். சாப்பாட்டு மேஜையில்கூட உப்பு டப்பாவையும் தண்ணீர்க் குவளையையும் வரிசையாக நகர்த்தி வைப்பாள் என்று கேலி செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

காலை ஒன்பது மணிக்குத் தன் இருக்கையில் உட்கார்ந்து, வழக்கம்போல ஒரு நொடி கண்ணை மூடினாள். 'என் கையால யாருக்கும் கெடுதல் வராம பாத்துக்கோ சாமி.' தினமும் சொல்வது. பல் தேய்ப்பதுபோலப் பழகிவிட்ட பிரார்த்தனை.

தங்கை கணவரின் பதிவைத் திறந்தாள். பெயர் சரி. ரத்த வகை சரி. பதிவுத் தேதியைப் பார்த்தாள்.

அந்தத் தேதியை அவளுக்குத் தெரியும். இரண்டே கால் வருடத்துக்கு முன் வந்த ஒரு சனிக்கிழமை. அவள் தம்பி என்றே கூப்பிடும் தங்கை கணவர் அன்று எங்கும் பதிவு செய்யவில்லை. மையத்தின் பழைய கணினியில் இருந்த தகவல்களைப் புதிய டேட்டாபேஸுக்கு இவர்கள் மாற்றிய நாள் அது.

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஏறிக்கொண்டிருந்த நாலாயிரம் பேரின் பதிவுகள் சட்டென்று நின்றன. அறுபத்து மூன்று பேருக்குப் பதிவுத் தேதி இல்லை. அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று விதி போட்டிருந்தவள் அக்காதான். விதி நல்ல விதி. வரிசையே அந்தத் தேதியை வைத்துத்தான் நகர்கிறது.

"இப்ப என்ன போடறது கட்டம்?" என்று எதிர் இருக்கைச் சோதனைக்காரி கேட்டாள். ஒவ்வொரு வேலையையும் சோதித்துக் குறை சொல்வதுதான் அவள் உத்தியோகம்.

"இப்போதைக்கு இன்னைக்குத் தேதியப் போடு. ஏத்தி முடிப்போம். திங்கட்கிழமை வந்து சரி பண்ணிடறேன்."

சொன்னவள் மறக்கிறவள் இல்லை. மஞ்சள் சீட்டில் '63 - தேதி' என்று எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தம்பி குளியலறையில் மயங்கி விழுந்தார். திங்கள் முதல் வியாழன் வரை அக்கா அவர் கட்டிலருகில் இருந்தாள். தங்கையைத் தூங்க வைத்துவிட்டு, தான் விழித்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு வந்தபோது அவள் பிரிவையே மூன்றாம் மாடிக்கு மாற்றியிருந்தார்கள். புது மேஜை, புதுத் திரை. மஞ்சள் சீட்டு பழைய திரையோடு எங்கோ போய்விட்டது.

அவள் நினைவிலிருந்தும் போய்விட்டது.

அந்தத் தேதி போட்ட பதிவுகளை மட்டும் இப்போது தனியாக எடுத்தாள். அறுபத்து மூன்று. எட்டுப் பேருக்குச் சொந்தக்காரர்களே சிறுநீரகம் கொடுத்திருந்தார்கள். நாற்பத்தொரு பேர் இன்னும் காத்திருந்தார்கள். மீதிப் பதினாலு பேருக்கு எதிரே 'காலமானார்' என்று இருந்தது.

அக்கா எழுந்து கைகழுவும் இடத்துக்குப் போனாள். குழாயைத் திறந்தாள். முகம் கழுவாமலே மூடிவிட்டுத் திரும்பி வந்தாள்.

---

"அவங்க தேதி ஏன் இல்லாம இருந்துச்சு?" என்று சோதனைக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள். அவளிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தாள் அக்கா.

"பழைய கணினியில முதல்ல பதிவுத் தேதிக்குக் கட்டமே கிடையாது. அஞ்சரை வருஷத்துக்கு முன்னாடிதான் சேத்தாங்க. அதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கெல்லாம் பதிவு அறை அம்மா, குறிப்புன்னு ஒரு இடம் இருந்துச்சில்ல, அதுல தேதிய டைப் பண்ணி வெச்சிருந்தாங்க."

"அந்தக் குறிப்பையும் கொண்டு வந்தோமா?"

அக்கா திரையில் தன் பழைய வரைபடத்தைத் திறந்தாள்.

"வேண்டாம்னு எடுத்தது நான்தான்."

அவளுக்கு அந்தக் குறிப்புகள் ஞாபகம் இருந்தன. 'இவருக்குக் காது கேட்காது, சத்தமாகப் பேசவும்.' 'மகள் வெளியூரில். பக்கத்து வீட்டு எண்ணுக்குச் சொல்லவும்.' 'ஊசிக்குப் பயம், கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.' 'காலையில் கூப்பிட வேண்டாம், இரவு வேலை பார்ப்பவர்.' ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. கணக்குக்கு வராதவை, தேடலுக்கு உதவாதவை. பத்து நிமிடம் புரட்டிவிட்டு, 'ஒழுங்கில்லாத தகவல், தேவையில்லை' என்று தன் வரைபடத்தில் அதன் மேல் கோடு கிழித்தாள். யாரோ ஒரு பெண், யாரும் கேட்காமல், வருடக்கணக்காகச் செய்துவந்த சின்னச் சின்ன அன்பு எல்லாம் அந்தக் கட்டத்தில்தான் இருந்தது. அதற்குள்ளேதான் அறுபத்து மூன்று பேரின் தேதியும் இருந்தது.

"பழசோட நகல் இருக்குமே?"

"ரெண்டு வருஷம் வெச்சிருந்துட்டு அழிக்கணும்னு ஒப்பந்தம். மூணு மாசம் முன்னாடி அழிச்சாச்சு. அழிச்சதுக்குக் கையெழுத்துப் போட்டதும்..."

"நீதானா? நல்லா இருக்கு போ." சோதனைக்காரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "பதிவுச் சீட்டு? ஆளுங்க கையில இருக்குமில்ல?"

அக்கா தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். பின்னால் இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"பழைய சீட்டா? அதை வாங்கிக்கிட்டுத்தானேக்கா புது அட்டை கொடுத்தாங்க. எங்க கண்ணு முன்னாடியே மெஷின்ல போட்டுக் கிழிச்சாங்க. ஏன் கேக்கற?"

"சும்மாதான். மத்தியானம் வரேன்."

"தப்புதானே? சரி பண்ணிடலாம்தானே?"

இயந்திரம் நின்றுவிட்டது. பதிலுக்காக அதை நிறுத்தியிருக்கிறாள்.

"வந்து சொல்றேன்மா."

போனை வைத்ததும் சோதனைக்காரி குரலைத் தாழ்த்தினாள். "உன் தம்பி தேதி உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். ஆறு வருடம் முன்பு அவள்தான் கூடப் போனாள். அன்று அவளுடைய பிறந்தநாள்.

"அப்புறம் என்ன? ஒரே ஒரு வரி. பொய்யா எழுதப் போறே? உண்மையான தேதியத்தானே போடப் போறே? யாருக்குத் தெரியப் போவுது?"

அக்கா அந்த வரியைத் தட்டினாள். தேதி திரையில் வந்து நின்றது. உள்ளே போக ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அதே பட்டியலில் இன்னும் நாற்பது பெயர்கள் இருந்தன. அவர்களுக்கு ஆபீஸில் அக்கா இல்லை.

இன்னொன்றும் இருந்தது. ஆதாரச் சீட்டு இல்லாமல் மாற்றப்பட்ட தேதி கண்டுபிடிக்கப்பட்டால், அந்த நோயாளியின் பெயர் வரிசையிலிருந்தே நீக்கப்படும். யாரும் குறுக்கு வழியில் முந்திவிடக் கூடாது என்று வைத்த பாதுகாப்பு அது. அந்த விதியையும் எழுதியவள் அவள்தான்.

எழுதியதை அழித்தாள்.

"பைத்தியம்" என்றாள் சோதனைக்காரி. ஆனால் எழுந்து போகும்போது அக்காவின் தோளில் கையை வைத்துவிட்டுத்தான் போனாள்.

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை. பயந்தவர்.

"திங்கட்கிழமை கமிட்டி கூடுது. அங்க வெப்போம். அதுவரைக்கும் வெளியில ஒரு வார்த்தை போகக் கூடாது. உங்க வீட்லயும் சொல்லாதீங்க."

"திங்கட்கிழமைன்னு நானும் ஒரு தடவை சொன்னேன் சார்" என்றாள் அக்கா.

---

ரத்தம் சுத்திகரிக்கும் கூடத்தில் எட்டுக் கட்டில்கள். நாலாவதில் தம்பி படுத்திருந்தார். கையிலிருந்து போகும் குழாய் சிவப்பாக இயந்திரத்துக்குள் போய்ச் சிவப்பாகவே திரும்பி வந்தது. லிஃப்ட் பழுது பார்ப்பவர் அவர். இப்போதெல்லாம் மாடி ஏற முடியாததால் கம்பெனியில் போனை எடுத்துப் பேசும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

"வாங்கக்கா. நூத்தி எண்பத்தெட்டாவது மாடியில நிக்கறேன், லிஃப்ட் வேலை செய்யல. யாரைக் கூப்பிடறது?" என்று சிரித்தார்.

தங்கை சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். விரல் நகங்களில் கண்ணாடித் தூள் ஒட்டியிருந்தது.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். சனிக்கிழமை, மஞ்சள் சீட்டு, கோடு கிழித்த கட்டம், கையெழுத்து. எதையும் விடவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அந்தத் திங்கட்கிழமை தான் எங்கே இருந்தாள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

தங்கைக்கு அது தெரியும். ஆனால் அதை நினைத்துப் பார்க்கும் நிலையில் அவள் அன்று இல்லை.

"இப்போதைக்குன்னா சொன்னே?" குரல் மெல்லத்தான் வந்தது. "வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் இங்க உக்காந்திருக்கேன்க்கா. போன் அடிச்சா போதும், அவங்கதானோன்னு ஓடுவேன். குளிக்கும்போதுகூட போனை உள்ள கொண்டு போவேன். அது அடிக்கவே அடிக்காதுன்னு உனக்கு..."

"எனக்குத் தெரியாதும்மா."

"உனக்குத்தான் தெரிஞ்சிருக்கணும்!"

இரண்டாம் கட்டில்காரர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, நாகரிகமாக மூடிக்கொண்டார்.

"விடு" என்றார் தம்பி. "எங்க தொழில்லயும் அந்த வார்த்தை உண்டு. கதவு சரியா மூடலன்னா ஒரு கம்பியக் கட்டிட்டு, இப்போதைக்கு ஓடட்டும்னு வந்துடுவோம். எத்தனை கம்பி இன்னும் அப்படியே இருக்கோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்." பிறகு அக்காவைப் பார்த்தார். "எல்லாரையும் சரி பண்ண வழியே இல்லையா?"

"சீட்டு இல்ல. பழைய பதிவேடும் இல்ல. இருந்த ஒரே இடம் அந்தக் குறிப்பு. அதுவும் இல்ல தம்பி."

அவர் பக்கத்துக் கட்டில் பக்கம் தலையைத் திருப்பினார்.

"பதினாலு பேர்னு சொன்னீங்களே. மூணாம் கட்டில் டீச்சரம்மா அதுல உண்டா?"

மூன்றாம் கட்டிலில் இப்போது வேறு யாரோ படுத்திருந்தார்கள். ஒன்றரை வருடம் அங்கே ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை இருந்தார். இவரோடு சேர்ந்து குறுக்கெழுத்து போடுவார். தெரியாத சொல் வந்தால், தன் மாணவனைத் திட்டுவதுபோல இவரைத் திட்டுவார். போன மழைக்காலத்தில் ஒரு நாள் அவர் வரவில்லை. பாதி போட்ட குறுக்கெழுத்துப் புத்தகத்தை நர்ஸ் இவரிடம் கொடுத்தாள். இன்னும் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

"சொல்லக் கூடாது தம்பி" என்றாள் அக்கா.

அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தன் எண்ணைக் கேட்டுச் சிரித்தவருடைய தோள் இப்போது குலுங்கியது. குழாய் இழுபடாமல் நர்ஸ் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போக்கா" என்றாள் தங்கை. "இனிமே இங்க வராதே."

அக்கா வாசல்வரை போனபோது, சுவரைப் பார்த்தபடியே தம்பி பேசினார்.

"பதிவு அறை அம்மா வருஷத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாங்க. பதிஞ்ச அதே நாள்ல. 'இன்னும் தைரியமா இருக்கீங்களா'ன்னு கேப்பாங்க. வேலையிலிருந்து நின்னப்புறமும் வீட்டிலிருந்து கூப்பிட்டாங்க. இந்த வருஷம்தான் வரல."

---

ஐந்து மணிக்கு அக்கா மறுபடியும் தன் இருக்கைக்கு வந்தாள். ஜன்னலுக்கு வெளியே பள்ளிப் பேருந்துகள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வரைபடத்தைத் திறந்து, டேபிளின் கடைசியில் ஒரு புதுக் கட்டம் வரைந்தாள். காலியாக விடலாம் என்று வைத்தாள். எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம் என்று வைத்தாள். அதற்குக் 'குறிப்பு' என்று பெயரிட்டாள்.

முதல் பதிவைத் திறந்து எழுதினாள்: 'இவருடைய பதிவுத் தேதி தவறு. இவர் இதற்கும் பல வருடம் முன்பே பதிவு செய்தவர். தவறு செய்தது நான்.' கீழே தன் பெயர்.

ஒரே உத்தரவில் அறுபத்து மூன்று பேருக்கும் அதை ஏற்றிவிடலாம். இரண்டு நொடி வேலை. அவள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு பதிவையும் திறந்து, பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, விரலால் தட்டினாள். காலமான பதினாலு பேருக்கும் எழுதினாள். ஆசிரியையின் பதிவில் மட்டும் ஒரு வரி கூடச் சேர்த்தாள். 'குறுக்கெழுத்து பிடிக்கும்.'

இது யாருடைய இடத்தையும் ஒரு எண்கூட நகர்த்தாது என்று அவளுக்குத் தெரியும். மேலாளரும் பின்னால் வந்து நின்று அதைத்தான் சொன்னார்.

"இதனால உங்க வேலைதான் போகும். வேற ஒண்ணும் ஆகாது."

"தெரியும் சார்."

அவர் போகாமல் நின்றார். பிறகு தன் அறையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஐம்பத்தொன்றாவது பதிவில் இருந்தபோது திரையின் மூலையில் சின்னச் செய்தி எழுந்தது. புதிய வரவு. ஒரு சிறுநீரகம். ரத்த வகையைப் பார்த்தாள். தம்பியின் வகை.

டேட்டாபேஸ் வரிசையைத் தானே கணக்கிட்டுக் கீழே ஐந்து பெயர்களைக் கொடுத்தது. அவள் வடிவமைத்தபடியே, கொஞ்சமும் பிசகாமல். முதலாவதாக இருந்தது ஒரு பெண். வயது முப்பத்தொன்று. காத்திருந்தது ஐந்து வருடம் இரண்டு மாதம்.

ஐந்து வருடம் இரண்டு மாதம். தம்பி ஆறு வருடம்.

அக்கா மேலாளர் அறைக்கு ஓடினாள். "சார், இதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. ஒரு மணி நேரம்."

"எதைக் காட்டி நிறுத்தச் சொல்லட்டும்?" அவர் குரல் உடைந்திருந்தது. "உங்க குறிப்பையா? கிட்னி காத்திருக்காதும்மா. நிறுத்தினா அந்தப் பொண்ணுக்கும் இல்லாமப் போயிடும்."

அவள் மெதுவாகத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். முதல் பெயருக்கு எதிரே 'அழைக்கப்பட்டார்' என்று நிறம் மாறியது. எங்கோ ஒரு வீட்டில் போன் அடித்திருக்கிறது. யாரோ குளியலறையிலிருந்து ஓடி வந்திருக்கிறார்கள். அந்தப் பெண் யாருடைய இடத்தையும் திருடவில்லை. அவளும் ஐந்து வருடம் குழாயோடு படுத்திருந்தவள்தான்.

அக்கா கண்ணை மூடினாள். காலையில் சொன்ன பிரார்த்தனை வாயில் வரவில்லை. அதைச் சொல்ல இனித் தனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. 'அந்தப் பொண்ணு பொழைக்கட்டும் சாமி' என்று மட்டும் சொன்னாள். சொல்ல முடிந்தது அவ்வளவுதான். மனதாரச் சொன்னாள்.

மேஜையில் போன் அதிர்ந்தது. தங்கை.

அக்கா எடுத்துக் காதில் வைத்தாள்.

"அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்" என்றாள் தங்கை. அழுது முடித்த குரல். "பதிவு அறை அம்மா நம்பர் இவர் போன்ல இருந்துச்சு. அவங்க எங்கயாவது நம்ம தேதியெல்லாம் எழுதி வெச்சிருப்பாங்களோன்னு மூணு தடவை அடிச்சேன். மணி போவுது, எடுக்கல."

"சரிம்மா."

"நாளன்னிக்கி எனக்குக் கடையில லீவு தர மாட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இவருக்குத் துணைக்கு நீ வந்து உக்காரு. உன்னை மன்னிச்சிட்டேன்னு நெனைக்காதே. தனியா விட முடியாதுன்னுதான் சொல்றேன்."

"வரேன்."

"அங்க வேற ஏதாவது தெரிஞ்சுதா?"

திரையில் அந்தப் பெயர் பச்சையாக நின்றது. அக்கா அதைப் பார்த்தாள். அறையில் ஒவ்வொருவராக விளக்கை அணைத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"நாளன்னிக்கி நேர்ல வரும்போது சொல்றேன்" என்றாள்.

சொன்ன அந்த நொடியே தன் குரலை அவள் அடையாளம் கண்டுகொண்டாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு இதே குரலில்தான் பேசியிருந்தாள்.

"இல்ல, இரு. வெச்சுடாதே" என்றாள். நாற்காலியை மேஜையோடு நெருக்கி இழுத்துக்கொண்டாள். "தம்பியும் பக்கத்துல இருக்காரா? அவர் கையிலயும் கொடு. இப்பவே சொல்லிடறேன்."